2024 ஆகஸ்ட் 5, டோக்கியோ: நிக்கேய் 4,451 புள்ளி சரிந்த நாளில் எந்த வாசல் எப்போது அடைபட்டது?

2024 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. ஜப்பானின் முக்கியப் பங்குக் குறியீடான நிக்கேய் 225, 31,458.42-இல் முடிந்தது. ஒரே நாளில் 4,451.28 புள்ளி, அதாவது 12.4% இறக்கம். புள்ளிக் கணக்கில் இதற்கு முன் இவ்வளவு விழுந்ததில்லை. 1987 அக்டோபர் 20-இல் விழுந்தது 3,836.48 புள்ளிதான், ஆனால் சதவீதத்தில் அது 14.9%. ஆகஸ்ட் 6 அன்று அதே குறியீடு 3,217.04 புள்ளி ஏறி 34,675.46-இல் நின்றது. அதுவும் புள்ளிக் கணக்கில் சாதனை.

சந்தை இறங்கும் என்று அன்று காலையில் பலருக்கும் தெரிந்தே இருந்தது. அப்படித் தெரிந்து விற்றவர்களிலும் பணம் இழந்தவர்கள் உண்டு. ஷார்ட் எடுத்தவர் (இறங்கும் என்று முன்கூட்டி விற்றவர்) வெளியே வர முடியாமல் மாட்டினார், லாங் (ஏறும் என்று வாங்கி) வைத்திருந்தவருக்கு ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்த முன்பே வைத்த ஆர்டர்) வேலை செய்யவில்லை, ரொக்கப் பங்கில், அதாவது நேரடிப் பங்கில் நின்றவருக்கு விலையே கிடைக்கவில்லை. காரணம் திசையில் இல்லை, சந்தையின் விதிகளில் இருக்கிறது. அந்த விதிகளை அன்றைய கடிகார வரிசையில் பார்ப்போம்.

முந்தைய மூன்று நாட்கள்

ஜூலை 11-இல் நிக்கேய் 42,224.02 என்ற உச்சத்தில் முடிந்தது. ஒரு டாலருக்கு 161 யென்னுக்கும் மேல் போயிருந்த காலம் அது. யென்னில் மலிவாகக் கடன் வாங்கி வேறு இடத்தில் போட்டவர்களும், பலவீன யென்னை நம்பி ஜப்பானிய ஏற்றுமதிப் பங்குகளை வாங்கியவர்களும் ஒரே பக்கம் குவிந்திருந்தார்கள். ஜூலை 31-இல் ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25% அளவுக்கு உயர்த்தியது. அன்று நிக்கேய் 39,101.82-க்கு ஏறியே முடிந்தது. ஆகஸ்ட் 1-இல் 975.49 புள்ளி, ஆகஸ்ட் 2-இல் 2,216.63 புள்ளி என்று விழுந்து வெள்ளிக்கிழமை 35,909.70-க்கு வந்தது. அன்று இரவு வெளியான அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கில் வேலையின்மை 4.3% என்று வந்தது. திங்கட்கிழமை டாலர் 142 யென்னுக்கும் கீழே இறங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஃப்யூச்சர்ஸ் (பின்னாளில் முடிக்க இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள்) நடக்கும் ஒசாகா எக்ஸ்சேஞ்சில் வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி சனிக்கிழமை காலை 6:00 வரை நடக்கும் இரவு அமர்வு, கணக்கில் திங்கட்கிழமை வர்த்தக நாளைச் சேர்ந்தது. ஃப்யூச்சர்ஸின் நாள்வரம்பு, அதாவது ஒரு நாளில் விலை நகரக்கூடிய எல்லை, அந்த இரவுக்கும் சேர்த்தே ஓடுகிறது. திங்கள் காலை 8:45-க்குப் புதிதாக உட்கார்ந்தவர் முதல் வரம்பான 8% இடம் முழுதும் மிச்சம் இருக்கிறது என்று நினைத்தால் அது தப்பு. அதில் ஒரு பகுதியை இரவே தின்று தீர்த்திருந்தது.

8:45 முதல் 9:15 வரை: குறியீடு சொன்ன பொய்

ஃப்யூச்சர்ஸ் 8:45-க்குத் திறக்கும், பங்குச் சந்தை 9:00-க்கு (இந்திய நேரம் காலை 5:30). அன்று நிக்கேய் குறியீட்டின் தொடக்க மதிப்பு 35,249.36. வெள்ளியைவிட 660 புள்ளிதான் குறைவு. அந்த நிமிடத்தில் ஃப்யூச்சர்ஸ் குறியீட்டைவிடத் தாழ்வாக நிற்பதைப் பார்த்து, "மலிவாகக் கிடைக்கிறது, இடைவெளி மூடும்" என்று வாங்குவது புதியவர்கள் விழும் முதல் குழி.

இடைவெளி மூடத்தான் செய்தது. ஃப்யூச்சர்ஸ் மேலே போகவில்லை, குறியீடு கீழே வந்து மூடியது.

ஏன் அப்படி? டோக்கியோவில் ஒரு பங்குக்கு விற்பனை ஆர்டர் குவிந்து, வாங்குவோர் கணக்கு பொருந்தாவிட்டால் அது உடனே திறக்காது. சிறப்பு அறிவிப்பு விலை என்ற நிலைக்குப் போகும். அந்த விலை 3 நிமிடத்துக்கு ஒரு படி மட்டுமே இறங்கும். முந்தைய முடிவு 2,400 யென் உள்ள ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். 2,000 முதல் 3,000 யென் வரையுள்ள பங்குக்கு ஒரு படி 50 யென். 9:00-க்கு 2,350, 9:03-க்கு 2,300, 9:06-க்கு 2,250, 9:09-க்கு 2,200 என்று போகும். உண்மையில் வாங்க ஆள் இருக்கும் விலை 2,150 என்றால், 9:12 வரை ஒரு பங்கும் கைமாறாது.

நிக்கேய் குறியீடு கணக்கிடும்போது, வர்த்தகமாகாத பங்குக்கு இந்தச் சிறப்பு அறிவிப்பு விலையையே எடுத்துக்கொள்கிறது. ஆக 9:01-க்குத் திரையில் தெரியும் குறியீடு, இன்னும் இறங்கி முடியாத பங்குகளின் பாதி வழி விலையைக் கூட்டிச் சொல்கிறது. ஃப்யூச்சர்ஸுக்கு இந்தத் தடை இல்லை, அது போகவேண்டிய இடத்துக்கு ஏற்கனவே போய்விட்டது.

இப்படிப்பட்ட காலையில் குறியீட்டு எண்ணைப் பார்ப்பதில் பயன் இல்லை. நிக்கேய் விலை எடையுள்ள குறியீடு (பங்கின் விலை கூடினால் எடையும் கூடும்) என்பதால் ஃபாஸ்ட் ரீடெய்லிங், டோக்கியோ எலக்ட்ரான், அட்வான்டெஸ்ட் போன்ற சில கனமான பங்குகளே அதை இழுக்கும். அவற்றின் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து வைத்து, முதல் வர்த்தகம் நடந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். அவை திறக்கும் வரை குறியீட்டுக்கும் ஃப்யூச்சர்ஸுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அர்த்தம் கிடையாது.

தனிப் பங்குகள்: முதலில் வந்தவருக்கும் முன்னுரிமை இல்லை

டோக்கியோவில் ஒவ்வொரு பங்குக்கும் நாள்வரம்பு சதவீதத்தில் இல்லை, யென்னில் உண்டு. 1,000 முதல் 1,500 யென்னுக்குள் இருந்தால் 300 யென், 1,500 முதல் 2,000-க்குள் 400, 2,000 முதல் 3,000-க்குள் 500, 3,000 முதல் 5,000-க்குள் 700. இதனால் ஒரு வேடிக்கை: 2,990 யென் பங்கு அதிகபட்சம் 16.7% தான் விழ முடியும், 3,000 யென் பங்கு 23.3% வரை விழலாம். பத்து யென் வித்தியாசத்தில் அபாயம் இவ்வளவு மாறுகிறது. ஒரே எண்ணிக்கையில் இரண்டு பங்கையும் பிடித்தவர் அன்று இதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

கீழ் வரம்பில் பூட்டிக்கொண்ட பங்கை விற்பது எப்படி? பலர் காலையிலேயே மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு நிறைவேறும் ஆர்டர்) போட்டு வரிசையில் முன்னால் நிற்பதாக நம்புகிறார்கள். வரம்பு விலையிலேயே நாள் முடிந்தால், டோக்கியோ எக்ஸ்சேஞ்ச் நேர முன்னுரிமையைப் பார்ப்பதில்லை. வந்த கொஞ்சநஞ்ச வாங்கும் ஆர்டரைத் தரகு நிறுவனங்களுக்கு விகிதப்படி பங்கிட்டுக் கொடுக்கிறது. அதைத் தங்கள் வாடிக்கையாளர்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்பது அந்தந்தத் தரகு நிறுவனத்தின் சொந்த விதி. சிலர் ஆர்டர் நேரத்தைப் பார்ப்பார்கள், சிலர் குலுக்கல். கணக்குத் திறக்கும்போதே இந்த விதியைப் படித்து வைப்பவர் குறைவு.

ஒருநாள் மார்ஜின் கணக்கில் (ஈடு வைத்துக் கடனில் வாங்கும் கணக்கில்) வாங்கியவருக்கு இதில் இன்னொரு சிக்கல். அன்றே முடிக்க வேண்டிய பொசிஷன் கீழ் வரம்பில் மாட்டிக்கொண்டால் மறுநாளைக்குத் தள்ளப்படும். பிறகு தரகு நிறுவனமே கட்டணம் போட்டு, காலைத் திறப்பில் மார்க்கெட் ஆர்டராக விற்றுவிடும். எந்த விலைக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஷார்ட் அடிப்பவருக்கும் தடை உண்டு. ஒரு பங்கு முந்தைய அடிப்படை விலையிலிருந்து 10% விழுந்ததும் ஷார்ட் செல்லிங் விலைக் கட்டுப்பாடு அமலாகி, மறுநாள் முடியும் வரை நீடிக்கும். விலை இறங்கிக்கொண்டிருக்கும்போது நடப்பு விலைக்கோ அதற்குக் கீழோ ஷார்ட் போட முடியாது. சில்லறை முதலீட்டாளருக்கு 50 யூனிட் வரை, அதாவது வழக்கமான 100 பங்கு யூனிட்டில் 5,000 பங்கு வரை விலக்கு உண்டு. அதற்கு மேல் வேண்டும் என்று 5,000, 5,000-ஆக உடைத்துப் போடுவது விதிமீறல். ஆகஸ்ட் 5-இல் 10% தாண்டிய பங்குகளுக்கு ஆகஸ்ட் 6 முழுவதும் இந்தத் தடை நீடித்தது. அன்று சந்தை ஏறியது வேறு விஷயம்.

மதிய இடைவேளை

11:30 முதல் 12:30 வரை பங்குச் சந்தை மூடியிருக்கும், ஃப்யூச்சர்ஸ் ஓடும். ரொக்கப் பங்கில் நிற்பவருக்கு இது ஒரு மணி நேரக் கட்டிப்போடல். பிற்பகல் ஆர்டர்களை 12:05 முதல் வாங்கத் தொடங்குவார்கள். அன்று பிற்பகல்தான் இறக்கம் வேகம் பிடித்தது. இடைவேளைக்குள் ஃப்யூச்சர்ஸ் கணிசமாக நகர்ந்தால், 12:30-க்கு மறுபடி காலை மாதிரியே சிறப்பு அறிவிப்பு விலை ஆட்டம் தொடங்கும். கையில் பங்கு உள்ளவர் இடைவேளையில் சிறிய அளவு ஒப்பந்தங்களான மினி அல்லது மைக்ரோ ஃப்யூச்சர்ஸில் கொஞ்சம் விற்று ஈடுகட்டுவது நடைமுறையில் இருக்கும் வழி. அதற்கு அந்தக் கணக்கும் மார்ஜினும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். சந்தை விழும்போது விண்ணப்பம் போட்டு ஆகாது.

ஃப்யூச்சர்ஸ் நின்றது, பங்குகள் ஓடின

இந்த நிகழ்வின் மையம் இதுதான். இந்தியாவில் நிஃப்டியோ சென்செக்ஸோ 10% விழுந்தால் பங்குச் சந்தையும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸும் சேர்ந்து நிற்கும். அந்தப் பழக்கத்தில் டோக்கியோவைப் பார்க்கக்கூடாது. டோக்கியோ பங்குச் சந்தைக்கு மொத்தச் சந்தையையும் நிறுத்தும் சர்க்யூட் பிரேக்கர் கிடையாது, பங்குவாரியான வரம்பு மட்டுமே உண்டு. சர்க்யூட் பிரேக்கர் இருப்பது ஒசாகாவின் ஃப்யூச்சர்ஸுக்குத்தான்.

நிக்கேய் ஃப்யூச்சர்ஸுக்கு முதல் வரம்பு 8%, பிறகு 12%, பிறகு 16%. மையத் தவணை மாத ஒப்பந்தத்தில் (அதிகம் வர்த்தகமாகும் மாதத்தின் ஒப்பந்தத்தில்) வரம்பு விலைக்கு ஆர்டர் வந்து, விலை அங்கிருந்து விலகாமல் ஒட்டிக்கொண்டு நின்றால், குறைந்தது 10 நிமிடம் வர்த்தகம் நிற்கும். மினி, மைக்ரோ, அதே குறியீட்டின் ஆப்ஷன்ஸ் எல்லாம் கூடவே நிற்கும். ஆகஸ்ட் 5-இல் டோக்கியோவின் இன்னொரு குறியீடான டோபிக்ஸின் ஃப்யூச்சர்ஸுக்கும் நிக்கேய் ஃப்யூச்சர்ஸுக்கும் இது நடந்தது. இரண்டுக்கும் தனித்தனி வரம்பு என்பதால் ஒன்று நின்றால் மற்றொன்றும் நிற்க வேண்டும் என்பதில்லை.

எந்த விலையில் நிற்கும் என்பதை முன்பே கணக்கிடலாம், ஆனால் பலரும் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். 8% என்பது நேற்றைய விலையின் 8% அல்ல. முந்தைய நாட்களின் சராசரியிலிருந்து எடுத்து, ஒரு காலாண்டுக்கு நிர்ணயித்த குறிப்பு மதிப்பின் 8%. உதாரணத்துக்கு அந்தக் குறிப்பு மதிப்பு 38,500 என்று வைத்தால் அகலம் 3,080 யென். அடிப்படை விலை 35,900 என்றால் நிற்கும் இடம் 32,820. நேற்றைய விலையில் 8% போட்டவர் 33,030 என்று எதிர்பார்த்திருப்பார், 210 புள்ளி பிழை. அடுத்த 12% அகலம் 4,620, அதாவது 31,280. அகலங்கள் எக்ஸ்சேஞ்ச் வெளியிடும் பட்டியலில் யென்னிலேயே இருக்கும். அதைக் காலையில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

நிறுத்தம் வரும்போது ஸ்டாப் லாஸ் என்ன ஆகும்? சில்லறைக் கணக்கில் ஸ்டாப் ஆர்டர் பெரும்பாலும் தரகு நிறுவனத்தின் சர்வரில் காத்திருக்கும். கடைசி வர்த்தக விலை தொட்டால்தான் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். ஃப்யூச்சர்ஸ் நின்றுவிட்டால் கடைசி விலை என்ற ஒன்றே வராது. பத்து நிமிடம் கழித்துத் திறக்கும்போது விலை எங்கே இருக்கிறதோ அங்கே முடியும். ஸ்டாப் லிமிட்டாக (குறித்த விலைக்குள் மட்டும் நிறைவேறும் ஸ்டாப்) வைத்திருந்தால் இன்னும் மோசம், விலை தாண்டிப் போனபின் ஆர்டர் அப்படியே தொங்கும். வேகமான நாளில் ஸ்டாப் மார்க்கெட்டில் ஸ்லிப்பேஜ் (எதிர்பார்த்ததைவிட மோசமான விலை) வரும், ஸ்டாப் லிமிட்டில் வெளியேறவே முடியாமல் போகும். இரண்டில் ஒன்றைத் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அன்று மாதிரியான நாளில் முதலாவதே சிறிய தீமை.

அந்தப் பத்து நிமிடத்திலும் பங்குகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஈடுகட்ட ஃப்யூச்சர்ஸ் இல்லாமல் போனதும், விற்க வேண்டியவர்கள் ரொக்கப் பங்கையே விற்றார்கள்.

லாட் அளவு: எத்தனை ஒப்பந்தம் போடலாம்

அன்று குறியீட்டின் உச்சத்துக்கும் அடிக்கும் இடையே 4,145 புள்ளி (35,301.13 முதல் 31,156.12 வரை). மினி ஒப்பந்தத்தில் ஒரு புள்ளி 100 யென், மைக்ரோவில் 10 யென், பெரிய ஒப்பந்தத்தில் 1,000 யென். மைக்ரோ வந்தது 2023 மே மாதம்தான்.

10 லட்சம் யென் கணக்கில் ஒரு டிரேடுக்கு 1%, அதாவது 10,000 யென் இழக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் ஸ்டாப் 100 புள்ளி என்றால் 1 மினி போடலாம். ஆகஸ்ட் 5 காலையில் 100 புள்ளி என்பது மூச்சு விடுவதற்குள் போய்விடும் தூரம், 500 புள்ளியாவது விட வேண்டும். அப்போது கிடைப்பது 2 மைக்ரோ, அதாவது வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்கு. வழக்கமான 1 மினியையே போட்டு, 100 புள்ளி ஸ்டாப்பும் வைத்தவர் சரியான திசையில் இருந்தும் நாலைந்து முறை வெட்டுப்பட்டிருப்பார். ஸ்டாப்பை மட்டும் 500-க்குத் தள்ளி, லாட்டைக் குறைக்காதவர் ஒரே அடியில் 50,000 யென் விட்டிருப்பார்.

வர்த்தகங்களைத் தீர்த்துவைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷன் 2023 நவம்பரில் மார்ஜின் கணக்கு முறையையும் மாற்றிவிட்டது. சந்தையின் ஏற்ற இறக்கம் கூடினால் தேவைப்படும் மார்ஜினும் கூடும். அதனால் இன்று பிடிக்க முடிந்த லாட்டை நாளை அதே பணத்தில் பிடிக்க முடியாமல் போகலாம்.

ஈடு கரைந்த விதம்

பங்கு மார்ஜினில் தொடக்க ஈடு 30%, குறைந்தபட்சம் 3 லட்சம் யென். 30 லட்சம் ரொக்கம் வைத்து 90 லட்சத்துக்கு வாங்கியவர் 12.4% விழுந்தால் 11.16 லட்சம் இழப்பார். மிச்சம் 18.84 லட்சம், ஈடு விகிதம் 20.9%. விதிப்படி 20%-க்கு மேலே மயிரிழையில் நிற்கிறார். பல தரகு நிறுவனங்களின் சொந்த எல்லை இன்னும் உயரம்.

அதே 30 லட்சத்தை ரொக்கமாக வைக்காமல் பங்காக ஈடு வைத்திருந்தால் கதை வேறு. தள்ளுபடிக்குப் பிறகு 30 லட்சம் என்று மதிப்பிட்ட ஈடும் 12.4% கரைந்து 26.28 லட்சமாகும். அதில் 11.16 லட்சம் இழப்பு போனால் 15.12 லட்சம், விகிதம் 16.8%. உடனே கூடுதல் ஈடு கேட்டு அறிவிப்பு வரும். அதே பங்கையே ஈடாக வைத்து அதையே மார்ஜினிலும் வாங்கியவர்களை ஜப்பானில் 'இரண்டு மாடி' கட்டியவர்கள் என்பார்கள். அன்று முதலில் இடிந்ததும் அதுதான்.

பணம் கட்ட முடியாதவர்களின் பொசிஷன்களைத் தரகு நிறுவனங்கள் காலைத் திறப்பில் விற்கும். அடிவிலைக்கு அருகில் விற்று, மறுநாளின் 10.2% ஏற்றத்தை வெளியே நின்று பார்க்க நேர்வது இப்படித்தான்.

கடைசி அரை மணி

குறியீட்டின் நகர்வில் இரண்டு மடங்கு தரும் இரட்டிப்பு இடிஎஃப்-கள் (சந்தையில் பங்கு போல் விற்கும் நிதிகள்) இறங்கும் நாளின் முடிவில் கட்டாயமாக விற்க வேண்டியவை. நிகர மதிப்பு 100, ஃப்யூச்சர்ஸ் அளவு 200 என்று தொடங்கிய நிதியில், 12.4% இறக்கத்துக்குப் பின் அளவு 175.2, நிகர மதிப்பு 75.2. மறுபடி இரண்டு மடங்கு ஆக்க 150.4 தான் வேண்டும். ஆக 24.8 விற்றாக வேண்டும், விலை என்னவானாலும். அடிவிலையில் வாங்கப் பார்க்கும் டே டிரேடர் இந்த விற்பனை முடியும் வரை பொறுப்பது நல்லது. மறுநாள் இதே கணக்கு தலைகீழாகி, ஏறும் சந்தையில் கட்டாய வாங்கலாக வந்தது.

ஆகஸ்ட் 6, 7

முதல் நாள் லாபத்தோடு ஷார்ட்டை இரவுக்கும் வைத்திருந்தவர்களுக்கு ஆகஸ்ட் 6 பதில் சொன்னது. இந்த முறை சர்க்யூட் பிரேக்கர் மேல்பக்கம் விழுந்தது. ஷார்ட்டை முடிக்க வாங்க வேண்டும், வாங்க முடியாது. ஆகஸ்ட் 7-இல் ஹகோடாடேயில் பேசிய மத்திய வங்கித் துணை ஆளுநர் உச்சிடா ஷினிச்சி, சந்தை நிலைகுலைந்திருக்கும்போது வட்டியை உயர்த்த மாட்டோம் என்றார். யென் மறுபடி இறங்க, நிக்கேய் 35,089.62-இல் முடிந்தது. நாள் வர்த்தகம் என்று தொடங்கி, லாபம் வந்ததும் அதை இரவுக்குள் நீட்டிப்பது வேறு தொழில். அதற்கான மார்ஜினும் லாட்டும் வேறு.

இப்போது மாறியிருப்பவை

மேலே சொன்ன நேரங்களில் சில இன்று பொருந்தாது. 2024 நவம்பர் 5 முதல் பங்குச் சந்தை 15:00-க்குப் பதில் 15:30 வரை நடக்கிறது. கடைசி ஐந்து நிமிடம், 15:25 முதல், ஆர்டர் மட்டும் வாங்கி 15:30-க்கு ஒரே விலையில் முடிக்கிறார்கள். ஃப்யூச்சர்ஸின் பகல் அமர்வு 15:45 வரை, இரவு அமர்வு 17:00-க்குத் தொடக்கம். பழைய 14:55 நினைப்பில் தானியங்கி ஸ்கொயர் ஆஃப் (பொசிஷனை முடிக்கும்) நேரம் வைத்திருப்பவர்கள் அதை 15:20-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 15:25-க்குப் பின் போடும் மார்க்கெட் ஆர்டர் உடனே நிறைவேறாது, 15:30 ஏலத்தின் விலைக்குத்தான் போகும்.